பாரம் தூக்கும் பெண்ணுக்கு எவ்வளவு கொழுப்பு வேண்டும்?

*ஒட்டிய வயிறுதான் பலத்தின் அடையாளம் என்று ஜிம் கண்ணாடி சொல்கிறது. கம்பியில் ஏறும் எடையும் மாதவிடாய்த் தேதியும் வேறு கணக்குச் சொல்கின்றன. டெல்டாவின் கடைமடை ஊர்களிலிருந்தும் வீராங்கனைகள் கிளம்பும் காலத்தில், எந்தக் கணக்கை நம்புவது?*

2024 ஆகஸ்ட் 7, பாரிஸ். காலையில் வினேஷ் போகாட் தராசில் ஏறி நின்றார். முந்தைய நாள் மூன்று மல்யுத்தப் போட்டிகளில் வென்று 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தவர். இரவு முழுவதும் உணவும் தண்ணீரும் ஒதுக்கி, வியர்க்க வியர்க்க ஓடி, தலைமுடியைக்கூட வெட்டிக்கொண்டும் தராசு 100 கிராம் கூடுதலாகவே காட்டியது. தகுதி நீக்கம். அதே நாள் மாலை, அதே நகரின் பளுதூக்கும் மேடையில் மீராபாய் சானு. 49 கிலோ பிரிவு. ஸ்னாட்சில் 88, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111, ஆக மொத்தம் 199 கிலோ. கடைசி முயற்சியில் 114 கிலோ நிற்கவில்லை. வெண்கலம் வாங்கிய தாய்லாந்து வீராங்கனையின் மொத்தம் 200. ஒரே ஒரு கிலோவில் பதக்கம் கைநழுவியது. மாதவிடாயின் மூன்றாம் நாள் என்பதால் உடம்பில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தது என்று மீராபாய் செய்தியாளர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

அந்த ஒரு நாளில் நாடே கிராம் கணக்குப் பேசியது. தராசு, விதிமுறை, மேல்முறையீடு என்று பேச்சு ஓடியதே தவிர, அடியில் இருந்த கேள்வியை அதிகம் பேர் தொடவில்லை. பலத்தை வைத்து விளையாடும் ஒரு பெண்ணின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கலாம், எவ்வளவு இருந்தே ஆக வேண்டும்?

டெல்டாவின் கடைமடையில் இருக்கும் பேராவூரணிக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. கல்லணையை ஒட்டிய தோகூர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்த அனுராதா பவுன்ராஜ், 2019 ஜூலையில் சமோவா நாட்டில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை மாவட்டம் நெம்மேலிப்பட்டிக்காரர். பட்டுக்கோட்டையின் லோகப்பிரியா 2022இல் நியூசிலாந்தில் நடந்த காமன்வெல்த் வலுதூக்கும் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் கொண்டுவந்தார். கல்லணைக் கால்வாயின் தலைமாட்டில் ஒருவர், கடைமடைக்குப் பக்கத்தில் ஒருவர். இருவரின் எடைப்பிரிவுக்கும் நடுவே 35 கிலோ. இருவரும் தங்கம். பேராவூரணியில் கம்பியைத் தொடத் தொடங்கும் ஒரு கல்லூரி மாணவி, 'நான் எத்தனை சதவீதக் கொழுப்புக்கு இறங்கணும்?' என்று மாஸ்டரிடம் கேட்டால், எந்த உடம்பை அளவாகக் காட்டுவது?

எந்த உடம்பையும் காட்டக் கூடாது என்பதுதான் என் பதில். கொழுப்புச் சதவீதத்தைக் குறிவைத்து ஓடுவது தவறு. வயிறாரச் சாப்பிட்டு, தூக்கும் எடை மாதாமாதம் ஏறி, மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது உடம்பு தானாக எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் அந்தப் பெண்ணுக்குரிய அளவு. பெரும்பாலான பாரம் தூக்கும் பெண்களுக்கு அது 20க்கும் 28க்கும் இடையில் எங்கோ அமையும். எடை குறைந்த பிரிவுகளில் 20ஐ ஒட்டியும் சற்றுக் கீழேயும் இருப்பவர்கள் உண்டு. மிக அதிக எடைப் பிரிவில் 30ஐத் தாண்டியும் நன்றாகத் தூக்குகிறவர்கள் உண்டு. 15க்குக் கீழே இறங்கி, அங்கேயே ஆண்டு முழுக்கக் குடியிருக்க நினைப்பதுதான் ஆபத்து.

எண் எங்கிருந்து வந்தது?

பெண் உடம்பில் ஏறத்தாழ 12 சதவீதக் கொழுப்பு உயிர் இயக்கத்துக்கே தேவைப்படுவது. ஆணுக்கு அது 3 சதவீதம்தான். மூளை, நரம்பு, எலும்பு மச்சை, மார்பகம், இனப்பெருக்க உறுப்புகள் எல்லாவற்றிலும் கலந்திருக்கும் அந்தக் கொழுப்பைக் கழிக்க வழியில்லை, கழிக்கவும் கூடாது. ஆண்கள் ஜிம்மில் பேசும் '10 பர்சென்ட்' பெண்ணுக்குப் பொருந்தாது என்பது இந்த ஒரு வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் சிக்ஸ் பேக் படங்கள் ஆண், பெண் இருவருக்கும் ஒரே கனவைத்தான் விற்கின்றன. மேடையில் உடலழகுக் காட்சிக்கு நிற்கும் பெண்கள் ஒரே ஒரு நாளுக்காக அந்த நிலைக்கு இறங்குகிறார்கள். மறுநாளிலிருந்து ஏறிவிடுகிறார்கள். படம் மட்டும் ஆண்டுக்கணக்கில் கைபேசியில் நிற்கிறது.

1974இல் ஹார்வர்டு ஆய்வாளர் ரோஸ் ஃபிரிஷ், பெண் பூப்பெய்த 17 சதவீதமும் மாதவிடாய் ஒழுங்காகத் தொடர 22 சதவீதமும் கொழுப்பு வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். நெடுங்காலம் அதுவே பாடமாக இருந்தது. பிறகு ஆன் லௌக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் சோதனைகள் வேறொன்றைக் காட்டின. மாதவிடாயை நிறுத்துவது சேமித்த கொழுப்பின் குறைவு மட்டுமல்ல. அன்றாடம் சாப்பிடும் உணவிலிருந்து பயிற்சிக்கான செலவைக் கழித்தபின் உடம்புக்கு மிஞ்சும் சக்தியின் குறைவுதான் முதன்மைக் காரணம். 18 சதவீதத்தில் ஒருத்திக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கலாம். 25 சதவீதத்தில் இன்னொருத்திக்கு நின்றுபோகலாம். இரண்டாமவள் பட்டினியோடு பயிற்சி செய்கிறவளாக இருப்பாள். என் வாதம் முழுக்க நிற்பது இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான்.

■ பெட்டிச் செய்தி: அளவுகோலை எவ்வளவு நம்பலாம்?
உலகெங்கும் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஓர் அமெரிக்க அட்டவணைப்படி பெண்களுக்கு 14–20 விளையாட்டு வீராங்கனை அளவு, 21–24 நல்ல உடற்தகுதி, 25–31 இயல்பு. இது பலவகை விளையாட்டுகளுக்கும் பொதுவானது. பாரம் தூக்குகிறவர்களை மட்டும் வைத்துப் போட்டதல்ல. ஜிம்மில் காலை வைத்து ஏறி நிற்கும் மின் கருவி, உடம்பின் நீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலே எண் மாறும். தோலைக் கிள்ளி அளக்கும் கருவியின் முடிவு அளப்பவர் கையைப் பொறுத்தது. இரண்டிலும் 3, 4 புள்ளிகள் இப்படியும் அப்படியும் போகும். 24ஐ 22 ஆக்கிவிட்டதாகக் கொண்டாடுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் காய்வது கடைமடை

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும் என்று பேராவூரணி விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பும் அப்படித்தான் பங்கிடுகிறது. சக்தி வரத்துக் குறைந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் கொடுத்துவிட்டு, உடனடியாக உயிருக்குத் தேவைப்படாத இனப்பெருக்க வேலையை நிறுத்துகிறது. லௌக்ஸ் 2003இல் வெளியிட்ட சோதனையில், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே மிச்சச் சக்தி போனபோது, கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு ஐந்தே நாளில் குலைந்தது. 45 கலோரி கிடைத்தவர்களுக்குக் குலையவில்லை. 30 என்பது எல்லாருக்கும் ஒரே கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. ஐந்து நாள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. போட்டிக்கு முன் 'பத்து நாள் டயட்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம்.

மாதவிடாய் நின்றால் 'தொல்லை விட்டது' என்று நிம்மதி அடையும் வீராங்கனைகள் உண்டு. கடுமையாக உழைத்ததற்குச் சான்று என்று நினைக்கும் பயிற்சியாளர்களும் உண்டு. இரண்டும் பிழை. நிற்பது ரத்தப்போக்கு மட்டுமல்ல, ஈஸ்ட்ரோஜன் சுரப்பும்தான். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு தேறாது. இருபதுகளின் பிற்பகுதி வரைதான் எலும்பில் அடர்த்தி சேரும். அந்த வயதில் இழந்ததை முழுதாக மீட்பது கடினம். பாரம் தூக்குவது எலும்புக்கு நல்லது என்பது உண்மையே. ஆனால் ஹார்மோன் வற்றிய உடம்பில் அந்த நன்மை முழுதாகச் சேர்வதில்லை. முதுகிலும் இடுப்பிலும் 100 கிலோவைத் தாங்கப் போகிற பெண்ணுக்கு எலும்பு இரண்டாம்பட்சமா? 1990களில் வீராங்கனைகளின் உணவுக் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு மூன்றையும் சேர்த்து ஒரே நோய்க்கூட்டாக மருத்துவர்கள் பார்த்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, சக்திப் பற்றாக்குறை நோய்த்தடுப்பாற்றல், இதயம், செரிமானம், மனநிலை, தூக்கம், பயிற்சியின் பலன் என எல்லாவற்றையும் தாக்குகிறது என்று அறிவித்தது. 2018இலும் 2023இலும் அந்த அறிக்கை புதுப்பிக்கப்பட்டது.

ஆரோக்கியம் வேறு, பதக்கம் வேறு என்று வாதிடுகிறவர்கள் பலத்தின் கணக்கையே பார்க்கட்டும். பயிற்சி பெற்ற ஆண்களையும் பெண்களையும் ஐந்து நாள் அந்த 30 கலோரி அளவில் வைத்துச் செய்த ஒரு சோதனையில், ஓய்வு நிலையில் தசைப் புரதம் உருவாகும் வேகம் கால்பங்குக்கு மேல் குறைந்தது. பயிற்சிக்குப் பின் புரதம் சாப்பிட்டால் அந்த இழப்பு ஈடாகிறது என்பதையும் அதே சோதனை காட்டியது. அதாவது, குறைத்துச் சாப்பிடும் நாளில் புரதத்தையும் கைவிடுகிறவள் இரட்டிப்பாக இழக்கிறாள். பின்லாந்தில் மேடைப் போட்டிக்காக இளைத்த 27 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், போட்டி முடிந்து மூன்று நான்கு மாதம் நன்றாகச் சாப்பிட்ட பிறகு பெரும்பாலான ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியதைக் கண்டார்கள். ஆனால் தைராய்டு ஹார்மோன் ஒன்றும் டெஸ்டோஸ்டிரோனும் அப்போதும் குறைவாகவே இருந்தன. ஆண்டுக்கு மூன்று போட்டிகளுக்கு இப்படி இளைக்கிறவளுக்கு மீள நேரமே இருக்காது.

■ பெட்டிச் செய்தி: 57 கிலோ பெண்ணின் கணக்கு
எடை 57 கிலோ, கொழுப்பு 24 சதவீதம் என்றால் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 43 கிலோ. உடம்புக்கு மிஞ்ச வேண்டியது (கிலோவுக்கு 45 கலோரி) நாளொன்றுக்குச் சுமார் 1,950. ஒரு நாள் பயிற்சிக்கு 350 செலவாகிறது என்று வைத்தால், சாப்பிட வேண்டியது 2,300 கலோரி. 1,650க்குக் கீழே தொடர்ந்து போனால் அபாயப் பகுதி. நாற்று நடவு, களையெடுப்பு, சைக்கிள் மிதிப்பு, தண்ணீர் சுமப்பு எல்லாம் இந்த 350க்கு மேல் தனிக் கணக்கு.

எடைப்பிரிவு இருக்கிறதே?

வலுவான மறுப்பு இதுதான். ஒரே பிரிவில் இருவர் நின்றால், கொழுப்புக் குறைந்து தசை கூடியவள்தானே ஜெயிப்பாள்? உண்மை. கொழுப்பு தூக்காது, தசைதான் தூக்கும். ஆனால் இதிலிருந்து 'கொழுப்பைக் குறை' என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் பிழை நேர்கிறது. 'தசையைக் கூட்டு' என்பதும் அதே கணக்கின் விடைதான். வளர்ந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அதுவே சரியான விடை. கர்ணம் மல்லேஸ்வரி 1994, 1995 உலகப் போட்டிகளில் 54 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். 2000இல் சிட்னியில் பெண்களுக்கு முதன்முறையாகப் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, 69 கிலோ பிரிவில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். புறப்படுமுன் அவர் எடை கூடிவிட்டது என்று விமர்சனம் எழுந்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண், அந்தப் பதக்கத்தை 15 கிலோ மேலே ஏறிப்போய்த்தான் எடுத்தார்.

சில சமயம் எடை குறைக்கவே வேண்டியிருக்கும். 59 கிலோவில் 26 சதவீதத்தோடு இருக்கும் ஒருத்தி 57 கிலோ பிரிவுக்கு இறங்குவது நியாயமான ஆசை. தசை குறையாமல் இறங்கினால் அவள் 23, 24 சதவீதத்தில் நிற்பாள். யாருக்கும் கெடுதல் இல்லை. வாரத்துக்கு எடையில் 0.7 சதவீதம் வீதம் குறைத்தவர்களையும் 1.4 சதவீதம் வீதம் குறைத்தவர்களையும் நார்வேயில் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வில், மெதுவாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடவே செய்தது. வேகமாகக் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. அந்த மெதுவான வேகத்தில் 2 கிலோவுக்கு ஐந்து வாரம் ஆகும். மாவட்டப் போட்டி அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. ஆனால் பெட்டிக் கணக்கில் பார்த்த 57 கிலோக்காரி 52க்கு இறங்க நினைத்தால், ஒரு கிராம் தசையும் போகாமல் கொழுப்பை மட்டும் கழித்தாலும் 17 சதவீதத்துக்கு வர வேண்டும். நடைமுறையில் தசையும் சேர்ந்தே போகும். அது வேறு உடம்பு, வேறு விலை.

கடைசி நேரத்தில் தண்ணீரை நிறுத்தி, வெயிலில் கம்பளி போட்டு ஓடுவது இன்னும் மோசம். அதில் குறைவது பெரும்பாலும் நீர்தான், கொழுப்பு அல்ல. பளுதூக்குதலிலும் வலுதூக்குதலிலும் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்க்கிறார்கள். வற்றிய உடம்பு அந்த இடைவெளியில் தேறாது. மூன்று முயற்சிகளில் முதலிலேயே கால் நடுங்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கட்டி ஒன்றிரண்டு கிலோ எடை ஏறுவதும் பலருக்கு இயல்பு. அந்தத் தேதியைக் கணக்கில் எடுக்காமல் எடைப்பிரிவை முடிவு செய்யும் பயிற்சியாளர், பாதித் தகவலோடு முடிவு செய்கிறார்.

சர்க்கரை நோய் பூமியில் இப்படிச் சொல்லலாமா?

இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். தெற்காசியர்களுக்கு அதே எடையில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரும் ஆய்வு சொன்னது. இந்த நிலையில் பெண்களிடம் '28 இருந்தால் பரவாயில்லை' என்று சொல்வது பொறுப்பா? பொறுப்புதான். ரத்தச் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவது தசை. தொடையிலும் முதுகிலும் தசை சேர்த்த பெண்ணின் 26 சதவீதமும், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் 26 சதவீதமும் ஒன்றல்ல. பயம் இருந்தால் அளக்க வேண்டியது சதவீதத்தை அல்ல: இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, ரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் எப்படி என்று பார்க்க வேண்டும். மிக அதிக எடைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனைகள் கூடுதல் கட்டாயம். எடைக்கு உச்சவரம்பு இல்லாத பிரிவு என்பதால் உடம்புக்கும் உச்சவரம்பு இல்லை என்றாகாது. களத்தை விட்டபின் மெல்லக் குறைப்பதற்கும் துணை வேண்டும்.

சோற்றைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

நெல் விளையும் மண்ணில் டயட் என்றதும் முதலில் வெட்டப்படுவது சோறு. தசை இயங்க மாவுச்சத்துதான் முதல் எரிபொருள் என்பதால் பயிற்சி நாளில் சோற்றை நிறுத்துவது வீண். குறை சோற்றில் இல்லை, சோற்றோடு சேராததில் இருக்கிறது. 57 கிலோ பெண்ணுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், நாளுக்கு 91 கிராம் புரதம் தேவை. மூன்று வேளைச் சோறு 600 கிராம் என்றால் 16 கிராம். சாம்பார், பருப்பில் 10. இரண்டு முட்டையில் 12. 150 கிராம் மீனில் 30. ஒரு கைப்பிடிக் கடலையில் 8. அரை லிட்டர் பாலில் 16. கணக்கு முடிந்தது. டப்பாவில் அடைத்த விலை கூடிய மாவு இதில் எங்கும் வரவில்லை. சேதுபாவாசத்திரமும் மல்லிப்பட்டினமும் பேராவூரணிக்குக் கூப்பிடு தூரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும் அந்த நாட்களில் முட்டையும் கொண்டைக்கடலையும் இடத்தை நிரப்பலாம்.

இதுகூட எல்லா வீட்டிலும் முடியாது என்பது உண்மையான மறுப்பு. கஜா புயல் 2018இல் தென்னையைச் சாய்த்தபோது இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இழந்தது பல ஆண்டு வருமானம். இருப்பதில் பெரிய பங்கு தம்பிக்கும் அப்பாவுக்கும் போய், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண், காலையில் வெறும் டீயோடு பஸ் பிடித்து, மாலையில் 80 கிலோ ஸ்குவாட் போடுகிறாள் என்றால், அவளுக்குப் போய்க் கொழுப்பைக் குறைக்கச் சொல்வது அநியாயம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவதையும் களைப்பையும் பார்த்து 'உடம்பு கனம், இளைக்கணும்' என்று சொல்லுமுன் ஹீமோகுளோபின் பார்த்திருக்க வேண்டாமா? விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகும் சிலருக்கு உணவு கிடைத்துவிடுகிறது. வீட்டிலிருந்தே பயிற்சிக்கு வரும் பெரும்பான்மைக்கு, பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்க விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கல்லூரிகளும் வழி செய்தால், அது எந்தக் கொழுப்பளக்கும் கருவியையும்விட அதிகம் பதக்கம் தரும்.

மாஸ்டரின் நோட்டில் இருக்க வேண்டியவை

எல்லார் முன்னாலும் எடை போட்டு, உரக்கப் படித்து, 'ஏம்மா ரெண்டு கிலோ ஏறிட்டே' என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். அப்படிக் கேட்ட பெண் அன்று இரவு சாப்பிடமாட்டாள். 'ஆம்பளை மாதிரி ஆயிடுவே', 'கல்யாணத்துக்குள்ள இளைச்சுக்கோ' என்று உறவுகளும் ஊரும் ஏற்கெனவே அவள் தட்டைக் கண்காணித்துக்கொண்டிருக்கும்போது, பயிற்சிக்கூடமாவது அவள் வயிற்றுக்குக் காவலாக இருக்க வேண்டும். நோட்டில் தூக்கிய எடை, தூக்கம், மாதவிடாய்த் தேதி மூன்றும் இருந்தால் போதும். தேதியை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு மூத்த வீராங்கனையோ உடற்கல்வி ஆசிரியையோ அந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளட்டும்.

தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. கர்ப்பம், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எல்லாமே இதே அறிகுறியைக் காட்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள, எடை கூடிய பெண்ணுக்கு எடை குறைக்கச் சொல்வார்கள். பட்டினியால் நின்றவளுக்கு நேர்மாறாக, உணவைக் கூட்டிப் பயிற்சியைக் குறைக்கச் சொல்வார்கள். ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்தி கேட்டு நடந்தால் கேடு. ஹார்மோன் மாத்திரை போட்டு மாதாமாதம் ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பட்டினி தீர்ந்துவிடாது. உள்ளே இருக்கும் பற்றாக்குறையை அது மறைக்கத்தான் செய்யும். பேராவூரணி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனை வரை போய்க் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

காரணம் பட்டினிதான் என்று உறுதியானால், சாப்பாட்டைக் கூட்டிய பிறகும் மாதவிடாய் திரும்பப் பல மாதம் பிடிக்கலாம். அதற்குள் எடை இரண்டு மூன்று கிலோ ஏறும். அந்தப் பருவத்தில் நடக்கும் மாவட்டப் போட்டியில் அவளை 52க்குப் பதில் 57இல் இறக்குங்கள். அங்கே நான்காவதாக வந்தாலும், அவள் பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் இருக்கும்.